கங்கை கொண்டவர் வீட்டுச் சீனத் தட்டு

பாடாலூர்ப் பக்கம் போகிறவர்கள் அப்படியே கிழக்கே அரியலூர், ஜெயங்கொண்டம் தாண்டி மாளிகைமேட்டையும் ஒரு எட்டு பார்த்துவிடுங்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த இடம். சினிமா செட்டை மனதில் வைத்துக்கொண்டு போனால் பல்பு வாங்குவீர்கள். தோண்டத் தோண்டக் கிடைத்தவை செங்கல் சுவர், கூரை ஓடு, அதை இறுக்கிய இரும்பு ஆணி. ஆமாம் சார், சக்கரவர்த்தி குடியிருந்தது ஓட்டு வீடு!

மனுஷன் லேசுப்பட்டவர் இல்லை. கங்கை கொண்டவர். ஆனால் திருவாலங்காட்டுச் செப்பேட்டைப் பார்த்தால், கங்கைவரை போனது தளபதி. ராஜா கோதாவரிக் கரையில் வந்து கங்கை நீரை டெலிவரி எடுத்துக்கொண்டார்!

அந்த வீட்டுக் குப்பையில்தான் சுவாரசியம். சீனப் பீங்கான் சில்லுகள்! கடாரம்வரை கப்பல் விட்டு அடித்த வம்சம், விருந்தாளி வந்தால் எடுத்துவைக்க ஃபாரின் ஐட்டம் வைத்திருக்கிறது.

சீனாவிலும் பந்தா குறையவில்லை. 1077-ல், குலோத்துங்கன் காலத்தில், 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு தந்தம், காண்டாமிருகக் கொம்பு, பெருங்காயம் எல்லாம் சுமந்துகொண்டு அங்கே போனது. சீனப் பதிவில் அது திறை கட்ட வந்த கூட்டம். நம்மாட்கள் ரோஷப்பட்டார்களா? திரும்பும்போது கையில் 81,800 கோவை செப்புக்காசு. இந்த ரேட்டுக்கு யார்தான் திறை கட்டமாட்டார்கள்?

இந்தச் சீனப் பித்து வெள்ளைக்காரரையும் விடவில்லை. லண்டனில் மைல்ஸ் மேசன் சீனப் பீங்கான் வியாபாரி. 1791-ல் கிழக்கிந்தியக் கம்பெனி மொத்த இறக்குமதியை நிறுத்தவும், தானே செய்ய இறங்கிவிட்டார். மகன் சார்லஸ் ஜேம்ஸ் அப்பனுக்கு மேலே. 1813-ல் 'அயர்ன்ஸ்டோன் சைனா' என்று பேட்டன்ட் வாங்கினார். உள்ளே இரும்பும் இல்லை, சைனாவும் இல்லை. செய்த ஊர் ஸ்டாஃபர்ட்ஷயர், சீனத்துச் சாயல் பூவேலையில் மட்டும். தட்டு என்னவோ படு கெட்டி. 1848-ல் மேசன் திவால். தட்டு உடையவில்லை, கம்பெனி உடைந்துவிட்டது!

இன்று ஆன்டிக் பிரியர்கள் அந்தத் தட்டைக் கவிழ்த்து, அடியில் கிரீடம் போட்ட முத்திரை இருக்கிறதா என்று தேடுகிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வந்த கலெக்டர்கள் வேறு ரகம். கோயில் மதிலின் கல் 1836-ல் கொள்ளிடம் கீழணைக்குப் போயிற்று. அரண்மனைச் செங்கல் ஊர்க்காரர் வீட்டுச் சுவருக்குப் போயிற்று. சீனத் தட்டை மட்டும் யாரும் சீண்டவில்லை. உடைந்த தட்டை எவன் வீட்டுக்குள் கொண்டுபோவான்?