எட்டு வயசுக்கு எந்தப் புத்தகம்?

கேள்வி: எட்டு வயது மகள் பெரியவர்களின் நாவல்களையே மளமளவென்று படித்து முடிக்கிறாள். என்ன வாங்கித் தருவது?
- ஒரு தாய், லேக் மார்க்கெட், கொல்கத்தா

பதில்: கண்ணுக்குப் பதினாறு வயது ஆகியிருக்கலாம், மனசுக்கு எட்டுதானே! மருந்து உங்கள் ஊரிலேயே இருக்கிறது, இனிப்பாக. 'சந்தேஷ்' என்றால் வங்காள மொழியில் செய்தி. மிட்டாய்க் கடைப் பண்டமும் அதுவே. சத்யஜித் ராயின் தாத்தா உபேந்திரகிஷோர் 1913-ல் அந்தப் பெயரில் சிறுவர் இதழ் தொடங்கினார். இடையில் நின்றுபோனதை 1961-ல் பேரன் மீட்டெடுத்தார். அவர் எழுதிய துப்பறியும் ஃபெலுடா 1965-ல் அதில்தான் பிறந்தான். வாசிப்பவர்கள் குழந்தைகள் என்பதால் பெரியவர்களின் அந்தரங்க விவகாரங்களை ராய் ஒதுக்கினார். புதிரை மட்டும் நீர்த்துப்போக விடவில்லை. கெட்டிக்காரக் குழந்தைக்கு வேண்டியது இதுதான்: மூளைக்குக் கடினம், மனசுக்குப் பத்திரம்.

எழுத்தாளர் சரதிந்துவின் துப்பறிவாளன் ப்யோம்கேஷ் பெரியவர்களுக்கானவன். சில வருஷம் அலமாரியில் காத்திருக்கட்டும், ஊசிப்போக மாட்டான்.

ஃபெலுடா தமிழிலும் கிடைக்கிறான். முதலில் நீங்கள் படியுங்கள் அம்மா. குற்றவாளி யாரென்று மட்டும் மகளிடம் சொல்லிவிடாதீர்கள்!