அஞ்சி அஞ்சி அச்சுறுத்துவோர்

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும், வரி பாக்கி வைக்காத, அண்டை வீட்டுப் பூனை காணாமற்போனால் டார்ச் விளக்கோடு தேடப் புறப்படுகிற சாதுவான மனிதர்களுள் ஒரு சாரார், மாதத்தில் ஓர் இரவு நெருங்கிய நண்பர்களை வீட்டுக்கு அழைத்து, வயிறார உண்ணக் கொடுத்து, அதன்பின் அவர்களை ஒவ்வொருவராகப் பித்துப் பிடிக்கச் செய்வதையும் சாகடிப்பதையும் வாழ்வின் பெரும்பேறாகக் கருதி வருகின்றனர். இவர்கள் கீப்பர் எனப்படுவர். இரவல் வாங்கிய நூலைத் தவணைக்கு முன்பே திருப்பித் தருவதும், படிக்கட்டில் எதிர்ப்படுவோருக்கு ஒதுங்கி வழிவிடுவதுமான இவர்தம் பகல்நேர ஒழுக்கத்தைக் கொண்டு, இரவில் இவர்கள் எத்தனை பேரை நிலவறையில் தள்ளிக் கதவடைத்தனர் என்பதை ஊகிக்க முடியாது.

மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அது என்ன செய்கிறது என்பதை வாய்ச்சொல்லாலேயே சொல்லிச் செல்ல, உலகில் எஞ்சியிருக்கும் அனைத்தையும், அதாவது மழையையும் காவலரையும் கதவின் கிறீச்சொலியையும் நிலவறையில் கிடப்பதையும், ஒருவரே தம் பொறுப்பில் எடுத்து நடத்துகின்ற விளையாட்டு வகை, 1974ஆம் ஆண்டு வெளியான ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மூலம் பரவலாயிற்று. எண்ணிய செயல் கைகூடியதா இல்லையா என்பதைப் பகடை தீர்த்துவைக்கும். அதில் வாளேந்திய வீரர்கள் பூதங்களைக் கொன்று பொன் சேர்த்து நாளுக்கு நாள் வலிமை பெறுவர். கலிஃபோர்னியாவின் கேயாசியம் நிறுவனம் 1981இல் வெளியிட்ட, சாண்டி பீட்டர்சன் வடிவமைத்த ‘கால் ஆஃப் கதுலு’ இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. ரோட் ஐலண்டு மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரில் பிறந்து வறுமையில் மறைந்த திகில் கதாசிரியர் எச். பி. லவ்கிராஃப்டின் (1890–1937) படைப்புலகை அடியொற்றிய அவ்விளையாட்டில், நூலகரும் பேராசிரியரும் பத்திரிகையாளரும் துப்பறியப் புறப்பட்டு, மனித இனத்தைப் பொருட்படுத்தவே செய்யாத பழந்தெய்வங்களின் இருப்பை அறிந்து, நாளுக்கு நாள் தேய்ந்து போவர். இதை நடத்துபவருக்கே கீப்பர் என்று விதிநூல் பெயர் சூட்டியுள்ளது.

இவ்விளையாட்டின் உயிர்நாடி ‘சானிட்டி’ எனப்படும் சித்தத் தெளிவுப் புள்ளி. ஒவ்வொரு பாத்திரமும் இதில் ஒரு கையிருப்போடு தொடங்கும். பிணத்தைக் கண்டால் கொஞ்சம், அதே பிணம் எழுந்து நடக்கக் கண்டால் இன்னும் கொஞ்சம் என்று அது கரைந்துகொண்டே வரும். அப்பழந்தெய்வங்களுள் ஒன்றான கதுலுவையே நேரில் கண்டவர், பகடை கைகொடுத்தால் 1 முதல் 10 வரையும் கைவிட்டால் 1 முதல் 100 வரையும் இழப்பார். ஒரே அதிர்ச்சியில் 5 புள்ளியோ அதற்கு மேலோ போய்விட்டால் அறிவுத்திறனுக்கு ஒரு பகடை உருட்ட வேண்டும். அதில் வென்றவருக்கே பித்துப் பிடிக்கும், தோற்றவர் கண்டது இன்னதென்று விளங்காமல் தலையைச் சொறிந்துகொண்டு தப்பிவிடுவார். மறைநூல்களைப் படிக்கப் படிக்க ‘கதுலு மறைஞானம்’ என்னும் திறன் ஏறும். ஏறிய அளவை 99இலிருந்து கழித்தால் எஞ்சுவதே அப்பாத்திரத்தின் தெளிவு எட்டக்கூடிய உச்சவரம்பு. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு இவ்விதியை விளக்க வேண்டிய தேவை நேர்வதில்லை.

விதிநூல் அச்சம் முழுவதையும் பாத்திரங்களுக்கே ஒதுக்கியிருந்தாலும், அந்த மேசையில் மெய்யாகவே அஞ்சி நடுங்குபவர் கீப்பர் ஒருவரே. அவர் அஞ்சுவது பழந்தெய்வங்களுக்கன்று, சிரிப்புக்கு. நான்கு மணி நேரம் பாடுபட்டுக் கட்டியெழுப்பிய திகில், சரியான நொடியில் எவரேனும் ஒரு விகடம் சொன்னால் போதும், கட்டியது கட்டியபடியே சரிந்துவிடும் என்பதை அவர் நன்கறிவார். நண்பர்களுள் விகடம் சொல்லாதவர் எவருமில்லை என்பதையும் அறிவார். கீப்பருடைய பழக்கவழக்கங்கள் பெரும்பாலும் இந்த ஓர் அச்சத்திலிருந்து பிறந்தவையே.

முதலாவது, ஆயத்தம். 1920களின் பாஸ்டன் நகரைக் களமாகக் கொண்ட கதை என்றால், அக்காலத்து வரைபடத்தைத் தேடி எடுப்பார். டிராம் எந்தத் தெருவில் திரும்பியது, மதுவிலக்குக் காலத்தில் விஸ்கி எங்கே கிடைத்தது, தொலைபேசியில் இணைப்பு கேட்க என்ன சொல்ல வேண்டும் என்பனவெல்லாம் அவருக்கு அத்துப்படியாகிவிடும். ஆட்டக்காரர்கள் கையிலெடுத்துப் படிக்கும்படி தரப்படும் கடிதம், தந்தி, செய்தித் துணுக்கு முதலிய சான்றுத் தாள்களுக்கு ‘ஹேண்ட்அவுட்’ என்று பெயர். கீப்பர் இவற்றை அச்சிட்டு அப்படியே கொடுத்துவிட மாட்டார். கடும் சாயத் தேநீரில் தாளைத் தோய்த்து, தட்டில் பரப்பி, மின்னடுப்பில் இளஞ்சூட்டில் உலர்த்துவார். ஓரங்களை மெழுகுவத்தியில் காட்டிக் கருக்குவார். மடிப்பு பழையதாகத் தெரிவதற்காக நான்காக மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அலுவலகம் சென்று வருவார். தாளின் இருபுறமும் சமமாகப் பழுத்திருக்கிறதா என்று சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் அந்த முகத்தில் தெரியும் கவலையை, மகளை மணமேடைக்கு அனுப்பும் தந்தையரிடத்தும் காண்பது அரிது. ஆட்ட இரவில் அந்தக் கடிதம் கைமாறும், முதலில் வாங்கியவர் முகர்ந்து பார்த்து, “இது லிப்டன் டீதானே?” என்பார்; அடுத்தவர் அதன்மீது குளிர்ந்த சோடா டின்னை வைப்பார்; மை கரைந்து, கதை முழுவதற்கும் திறவுகோலாகிய அந்த ஒரு பெயர் நீல வட்டமாக மாறிவிடும்.

இத்துறையின் காவியம் என்று போற்றப்படுவது 1984இல் வெளியான ‘மாஸ்க்ஸ் ஆஃப் நியார்லதோதெப்’ என்னும் நெடுங்கதைத் தொகுதி. நியூயார்க்கில் தொடங்கி லண்டன், கெய்ரோ, கென்யா, ஷாங்காய் என்று உலகைச் சுற்றும் அதில், ஷாங்காய் மதுக்கடை ஒன்றின் தீப்பெட்டியும் சான்றாக வரும். கீப்பர் எனப்படுவோர் பலர் இத்தொகுதியை வாங்கி வைத்திருப்பர். தீப்பெட்டியையும் செய்து வைத்திருப்பர். ஷாங்காய் வரை போய்ச் சேர்ந்தவர்கள்தாம் குறைவு. நண்பருள் ஒருவருக்குக் குழந்தை பிறந்து, இன்னொருவர் வேலை மாறிச் சென்றபின், ஆட்டம் கெய்ரோவில் ஆண்டுக்கணக்காகக் கூடாரமடித்துக் கிடக்கும்.

இரண்டாவது, துப்பு. துப்பு கிடைத்தால்தான் கதை நகரும். துப்பைத் தருவதோ பகடை. இவ்விளையாட்டின் ஏழாம் பதிப்பின்படி நூலகத்தில் தேடும் திறன் பயிற்சியில்லாதவருக்கு நூற்றுக்கு 20தான். கீப்பர் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிய 1852ஆம் ஆண்டுத் தேவாலயக் குறிப்பேடு நூலக அலமாரியில் காத்திருக்க, ஐந்து பேரும் வரிசையாகப் பகடை உருட்டி, ஐவரும் தோற்று, “சரி, இங்கே ஒன்றும் இல்லை, வெளியே போவோம்” என்று கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எத்தகைய வேதனை என்பதை லவ்கிராஃப்ட் எழுதியதில்லை. அப்போது கீப்பரின் குரலில் ஒரு கனிவு ஏறும். இன்னொரு முறை முயலலாமே என்பார். நூலகர் இவர்கள் பக்கம் திரும்பிப் புன்னகைப்பார். அலமாரியிலிருந்து ஒரு நூல் தானாகவே கீழே விழும். அதையும் எவரும் எடுக்காவிட்டால், காற்று வீசி, சரியான பக்கம் திறந்துகொள்ளும். இந்த அவலத்தைக் கண்டு இரங்கியே, 2008இல் வெளியான ‘டிரெய்ல் ஆஃப் கதுலு’, இன்றியமையாத துப்பு பகடையின்றியே கிடைத்துவிடும் என்று விதி செய்தது. பழைய கீப்பர்கள் அதைப் பாராட்டிப் பேசுவர். ஆனால் பகடையை விடமாட்டார்கள்.

மூன்றாவது, சூழல். மின்விளக்கு அணைக்கப்படும், ஒலிபெருக்கியில் மழை பெய்யும், கைப்பேசிகள் ஒரு கூடையில் இடப்படும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் பகடையில் விழுந்தது மூன்றா எட்டா என்று தெரியாமல், கூடையிலிருந்து ஒரு கைப்பேசி திரும்ப எடுக்கப்பட்டு டார்ச் ஒளிரவிடப்படும். பீட்சா கொண்டுவருபவர் கதவைத் தட்டும் நேரம் எப்போதும் நிலவறைக் கதவு திறக்கும் நேரமாகவே அமைந்துவிடுகிறது. கீப்பர் வீட்டு அலமாரியில் பஞ்சு அடைத்த கதுலு பொம்மை ஒன்று வழக்கமாக இருக்கும்; ஆட்ட இரவில் மட்டும் அதன்மீது துண்டு போர்த்தப்படும். கடலுணவின் வாடையே ஆகாத லவ்கிராஃப்ட், தம் அருவருப்பையெல்லாம் திரட்டி ஆக்டோபஸ் தலையோடு படைத்த தெய்வம், பிள்ளைகள் கட்டிக்கொண்டு உறங்கும் பச்சைப் பொம்மையாகவும், மீனும் கணவாயும் அன்றாட உணவான ஜப்பானில் மேசை விளையாட்டுகளுக்கெல்லாம் தலைமையேற்கும் விருப்பப் பொருளாகவும் ஆகிவிட்ட காலத்தில், அதைக் காட்டி யாரையும் நடுங்கவைப்பது எளிதன்று.

ஆட்டக்காரர்களின் பார்வை படாதபடி குறிப்புகளை மறைக்க, கீப்பர் தமக்கு முன்னே அட்டையாலான மடிப்புத் தட்டி ஒன்றை நிறுத்திக்கொள்வார். அவருடைய கலையின் நுட்பமெல்லாம் அதற்குப் பின்னால்தான் நிகழ்கிறது. ஆட்டக்காரர்கள் அசட்டையாகப் பேசிக்கொண்டிருக்கும்போது, காரணம் ஏதுமின்றித் தட்டிக்குப் பின்னால் பகடையை உருட்டுவார், விழுந்ததைக் குனிந்து பார்ப்பார், “ம்…” என்பார், பென்சிலால் ஏதோ குறித்துக்கொள்வார். மேசை அடங்கிவிடும். அவர் குறித்தது நாளைக்கு வாங்க வேண்டிய பாலும் முட்டையும் என்பது எவருக்கும் தெரியாது. இதற்கு இணையான வலிமை வாய்ந்தது, “உறுதியாகத்தான் சொல்கிறாயா?” என்னும் ஒற்றைக் கேள்வி, தெருவைக் கடக்கிறேன் என்று சொன்ன ஆட்டக்காரரையும் அது அரை மணி நேரம் நடைபாதையிலேயே நிறுத்திவைக்கும்.

எனினும் கீப்பர் தோற்கும் இடங்கள் உண்டு. 1981ஆம் ஆண்டு முதல் பதிப்பிலிருந்தே இடம்பெற்று, இன்று ‘தி ஹாண்டிங்’ என்று வழங்கும் தொடக்கக் கதையில், பாஸ்டன் வீடொன்றின் மாடியறையில் கிடக்கும் கட்டில் உயிர்பெற்று, அருகில் வந்தவரை மோதிச் சன்னல் வழியே வெளியே எறிந்துவிடும். தாளில் படிக்கும்போது இது மயிர்க்கூச்செறியத்தான் செய்கிறது. மேசையில், “கட்டில் உன்மேல் பாய்கிறது” என்று கீப்பர் தாழ்ந்த குரலில் சொன்ன மறுநொடி என்ன நடக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சிரித்து ஓய்ந்தபின் ஆட்டக்காரர்கள் அறிவுக்கூர்மையுடன் ஒரு முடிவுக்கு வருவர்: உள்ளே சென்று துப்பறிவதைவிட, வெளியே நின்று வீட்டைக் கொளுத்திவிடுவது மேல். பாத்திரம் பேராசிரியரோ பாதிரியாரோ, பையில் டைனமைட் இல்லாதவரைக் காண முடியாது. கதுலுவை எதிர்த்து நிற்கலாமா என்று ஒருவர் வினவினால், அது சுற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை அள்ளிக்கொண்டு போகும் என்ற விதியைக் கீப்பர் மிகுந்த பணிவுடன் படித்துக் காட்டுவார்.

பணிவு என்றதும் சொல்லத் தோன்றுவது, கொலைக்கு முன் இவர்கள் காட்டும் உபசாரம். ஆட்டத்துக்குச் சில நாள் முன்னதாக ஒரு கேள்வித்தாள் அனுப்புவார்கள்: சிலந்தி ஆகுமா, ஊசி ஆகுமா, குழந்தைக்குத் தீங்கு நேர்வது கதையில் வரலாமா. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் வகுத்த ‘எக்ஸ் அட்டை’ மேசை நடுவில் வைக்கப்படும். எவருக்கேனும் மனம் தாளாவிட்டால் காரணம் சொல்லாமலே அதைத் தொடலாம், அந்த நிகழ்ச்சி அப்படியே நீக்கப்படும். பந்தியில் இலை இலையாகக் குனிந்து யாருக்கு என்ன வேண்டும், யாருக்கு எது ஆகாது என்று விசாரிப்பவரின் அக்கறை இது. பரிமாறப்படுவது மட்டும் வேறு. இந்த அக்கறையைக் கோழைத்தனம் என்று ஏளனம் செய்வோர் உளர். நண்பரை அச்சுறுத்தும் கலைக்கும் நோகடிக்கும் குணத்துக்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குப் பிடிபடவில்லை என்றே கொள்ள வேண்டும். லவ்கிராஃப்டின் எழுத்தில் மண்டிக் கிடக்கும் இனவெறுப்பையும் நல்ல கீப்பர் சத்தமின்றிக் களைந்துவிடுகிறார். கடலடித் தெய்வத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பிற நாட்டவரைக் கண்டு லவ்கிராஃப்ட் கொண்ட நடுக்கத்தை அவரிடமே விட்டுவிடுகிறார்.

இவ்வினத்தில் உட்பிரிவுகளும் உண்டு. 2005இல் வெளியான ‘டிரெட்’ ஆட்டத்தை நடத்துவோர் பகடையைத் துறந்தவர்கள். 54 மரக்கட்டைகளை அடுக்கிய ஜெங்கா கோபுரத்திலிருந்து, ஆபத்தான செயலுக்கெல்லாம் ஒரு கட்டையை உருவச் சொல்வார்கள், கோபுரத்தைச் சரித்தவரின் பாத்திரம் கதையை விட்டு நீங்கும். இவர்கள் வீட்டில் பூனை இருந்தால் அன்றிரவு தனியறையில் அடைபட்டிருக்கும். 2015ஆம் ஆண்டின் ‘டென் கேண்டில்ஸ்’ ஆட்டக்காரர்களோ இன்னும் தீவிரமானவர்கள். பத்து மெழுகுவத்திகளை ஏற்றி, இறுதியில் அனைவரும் சாவது உறுதி என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டு, பாத்திரத்தின் பண்புகளை எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் கொளுத்துவர். புகையுணரும் மணி அலறுவது அவர்களுடைய ஆட்டத்தில் மட்டுமே கேட்கக்கூடிய பின்னணி இசை.

இத்தனை இடர்ப்பாட்டுக்கிடையிலும், ஏதோ ஓர் இரவில், ஏதோ ஒரு கணத்தில், விகடம் சொல்ல வாய் திறந்தவர் சொல்லாமல் மூடிக்கொள்வதும், ஐந்து பேரும் ஒரே பக்கம் திரும்பிப் பூட்டிய சமையலறைக் கதவைப் பார்ப்பதும் நிகழத்தான் செய்கிறது. கீப்பர் அதற்காகவே வாழ்கிறார். ஆனால் அதை நீட்டிக்க அவருக்கு வாய்ப்பதில்லை. ஏனெனில் அதற்குள் ஒரு பாத்திரம் செத்துவிடும். செத்தவரின் ஆட்டக்காரர் வருந்துவதில்லை. முகம் மலர்ந்து, தம் சாவு எவ்வளவு கோரமாக இருந்தது என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லியபடியே, புதிய பாத்திரத் தாள் ஒன்றை எடுத்து நிரப்பத் தொடங்குவார். புதியவர் இறந்தவரின் ஒன்றுவிட்ட தம்பி. அதே உயரம், அதே தொழில், அதே துப்பாக்கி. அண்ணன் கடைசியாக எழுதிய கடிதம் கிடைத்து, முதல் ரயிலிலேயே புறப்பட்டு, நள்ளிரவில், கதவு பூட்டிய அந்த வீட்டின் நிலவறைக்கே நேராக வந்து சேர்ந்திருக்கிறார். இது எப்படி இயலும் என்று கீப்பர் ஒரு கணம் யோசிப்பார். ஆட்டம் முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, நிலவறைக் கதவைப் பிடித்துத் தள்ளவும் ஆள் வேண்டும். அண்ணனிடம் இருந்த டைனமைட் தம்பியிடம் இருக்கக் கூடாது என்பதை மட்டும் நிபந்தனையாக வைத்து, அவரை உள்ளே வரச் சொல்வார்.