புரூஃப் பெரியப்பா

"மேட்டர் எழுதியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே படியேறுவார். எழுதவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் வந்திருப்பார். சட்டைப்பையில் சிவப்புப் பேனா, கக்கத்தில் மஞ்சள் பை. பைக்குள் சொந்தக்காரர்கள் வீட்டுப் பழைய கல்யாணப் பத்திரிகைகள். யார் வீட்டு விசேஷத்தில் யார் பெயர் எந்த வரியில் வந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. கோர்ட்டில்கூட அவ்வளவு பத்திரமாக வைத்திருக்க மாட்டார்கள்.

சிவகாசியில் அட்டையை எத்தனை தினுசாக அடித்தாலும் பெரியப்பாவுக்குச் சம்மதம். பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளையார் சுழி, குலதெய்வம் துணை, அப்புறம் தேதி. ஒரே நாளை மூன்று விதமாகப் போடுவார்: ஆங்கிலத் தேதி, விசுவாவசு வருடத் தமிழ்த் தேதி, திருவள்ளுவர் ஆண்டு. 2025-உடன் 31-ஐக் கூட்டி 2056 என்று எழுதிக் கொடுத்ததைப் பார்த்த அச்சகத்துப் பையன், "கல்யாணத்துக்கு இன்னும் முப்பத்தொரு வருஷம் இருக்கே சார்" என்றான். திதி, நட்சத்திரம், யோகம், லக்னம் எதுவும் தப்பாது. சாப்பாடு எத்தனை மணிக்கு என்பது மட்டும் இருக்காது.

இதெல்லாம் ஒரு காபி குடிக்கிற நேரத்து வேலை. வாரக்கணக்கில் இழுப்பது பெயர்கள்தான்.

தாய்மாமன் வரிசை, பெரியப்பா சித்தப்பா வரிசை, அத்தை வீட்டுக்காரர்கள் வரிசை, சம்பந்திகள் வரிசை, கடைசியில் 'எங்க சித்தி கல்யாணத்துக்கு மறக்காம வந்துடுங்க' என்று பால்குடி மறக்காத பிள்ளைகள் வரிசை. வேலை இல்லாத மாப்பிள்ளை 'தொழிலதிபர்' ஆவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் ஓய்வு பெறவே மாட்டார். 'மேனாள்' போட்டுப் பெரியப்பா உட்கார வைத்துவிடுவார். தேனியில் இரும்புக்கடை வைத்திருக்கும் மாமாவை இரண்டாவது வரிக்கு இறக்கிய அன்று ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வந்தது. மறுநாள் காலையில் முதல் வரியில் இரண்டு பேருக்கு இடம் உண்டாக்க, மணமகள் பெயரின் எழுத்தைச் சிறிதாக்கினார்கள்.

"அகர வரிசையில போட்டுட்டா சண்டையே வராதே பெரியப்பா" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அப்ப உங்க அத்தை வீட்டுக்காரரு 'வே'யில வருவாரு. ஏற்கெனவே பேசுறதில்ல. இதுக்கப்புறம் செத்தாலும் பேச மாட்டாருப்பா."

செத்தவர்களுக்கும் பத்திரிகையில் இடம் உண்டு. பெயருக்கு முன்னால் 'லேட்' போட்டுவிட்டால் போதும், அவரும் மற்றவர்களோடு சேர்ந்து தங்கள் வருகையை ஆவலுடன் எதிர்பார்ப்பார்.

எங்கள் சின்னச் சித்தப்பா அப்படித்தான் முதல் வரிசையில் நிற்கிறார். சித்தி உயிரோடு இருக்கிறார். கல்யாணப் பெண்ணுக்குச் சின்ன வயதில் தலை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அவர்தான். சீர்முறுக்குக்கு மாவு அரைத்து வைத்திருப்பதும் அவர்தான். அவர் பெயர் பத்திரிகையில் இல்லை. கேட்டால், "மங்கள காரியம் பாரு" என்கிறார் பெரியப்பா. இறந்தவர் அழைக்கலாம், அவருக்குக் கடைசிவரை மருந்து கொடுத்தவர் அழைக்கக் கூடாது. இது எந்த ஊர் மங்களம் என்று கேட்டேன். பேனாவை மூடிக்கொண்டு, "உங்க வீட்டு விசேஷத்துல நீங்க போட்டுக்கங்க" என்று எழுந்துவிட்டார். இது எங்கள் வீட்டு விசேஷம்தான். அதைச் சொல்வதற்குள் படியிறங்கிவிட்டார்.

மனிதர் கெட்டவர் இல்லை. அத்தனை பேரையும் இனிஷியலோடு மனப்பாடமாகச் சொல்வார். அவர் போன பிறகு அது யாருக்கும் தெரியாது.

மண்டபத்துக்கு வழி காட்டும் கியூ.ஆர். கோடு போடலாம் என்று டிசைனர் கேட்டபோதும் இந்த ஞாபகசக்திதான் குறுக்கே வந்தது. "அந்தக் கட்டம் இருக்கிற இடத்துல ஆறு பேரு போடலாம்." போட்டார். மண்டபத்தின் விலாசம் 'பைபாஸ் ரோடு, மதுரை' என்று சுருங்கியது.

நாலு மூலையிலும் மஞ்சள் தடவி எல்லோருக்கும் கொடுத்தாயிற்று. முகூர்த்தத்தன்று காலையில் கம்பத்துச் சித்தப்பா எங்கோ மேம்பாலத்துக்கு அடியில் வண்டியை நிறுத்திவிட்டு, "அண்ணே, மண்டபம் எந்தப் பக்கம்?" என்று போனில் கேட்டார்.

"ஏம்ப்பா, பத்திரிகையைச் சரியாப் பாக்கலையா?" என்றார் பெரியப்பா. "ரெண்டாம் பக்கம், நாலாவது வரி. ஒம் பேரு கொட்டை எழுத்துல இருக்கு பாரு."