மாப்பிள்ளை ஆகாயத்திலிருந்து குதித்தார்

ஈப்போ, பேராக்.

அன்புள்ள அண்ணனுக்கு,

  நான் நலம், கை, கால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கின்றன. சின்ன மச்சான் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்று அண்ணி சொன்னார். வாய் காதுவரை கிழிந்து, கன்னம் இரண்டும் பின்பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறதே, அந்த ஆள் நான்தான். முதுகோடு ஒட்டிக்கொண்டு சிரிப்பவர் அன்றைக்கு என் உயிருக்குப் பொறுப்பேற்றிருந்த பயிற்சியாளர். போனில் சொன்னால் அம்மா நடுவில் அழுவார், கதை பாதியில் நிற்கும். அதனால்தான் கடிதம்.

விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கத் தாய்லாந்தின் பட்டாயாவுக்கு டிக்கெட் போட்டது மச்சான். போனஸ் வந்திருந்தது. வீட்டில் கலந்து பேசவில்லையா என்று கேட்காதீர்கள். எல்லோரும் கலந்து பேசினார்கள்; என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். "தமிழ்நாட்டு ஆளுங்களுக்குப் பயம் அதிகம் லா" என்று மச்சான் ஒரு வார்த்தை விட்டான். நம் ஊர் மானம் என் தலையில் வந்து விழுந்துவிட்டது.

கிளம்புமுன் மாமியார் என்னைக் கல்லுமலைக்கு அழைத்துப் போனார். சுண்ணாம்புக் குன்றின் குகையில் இருக்கும் முருகன் கோயில். அர்ச்சனைச் சீட்டை நீட்டி, "மாப்பிள்ளை ஆகாயத்துலேருந்து குதிக்கப் போறாரு சாமி" என்றார். குருக்கள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ராசி, நட்சத்திரம் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

மாமனாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர் பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். தொழிலாளர்களின் லயத்து வீடுகள் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். அதிலிருந்துதான் இங்கே அவசரகாலம் என்று பன்னிரண்டு வருடச் சண்டை நடந்தது. அந்தச் சண்டையில் பாராசூட்டும் உண்டாம். பயணத்துக்கு முந்தின இரவு, நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது ஆரம்பித்தார்.

"1952 பிப்ரவரியில மாப்ளே, இதே பேராக்ல, வடக்கே பெலும் காட்டு மேல பிரிட்டிஷ்காரன் எஸ்.ஏ.எஸ். பட்டாளத்தைக் குதிக்க விட்டான். அம்பது பேருக்கு மேல. பாதிப் பேருக்கு மேல மரத்துல மாட்டிக்கிட்டானுங்க. ஆனா பெரிய அடி இல்ல." அந்தக் காட்டில் மரம் இருநூறு அடி நிற்கும். பெரிய அடி இல்லாததைப் பார்த்த அதிகாரிகள், இனி வேண்டுமென்றே மரத்தின் மேல் குதிப்போம், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போய் இறங்குவோம் என்று அதையே ஒரு முறையாக்கிவிட்டார்களாம். பிறகு எலும்பு முறிந்தது, உயிரும் போனது, கைவிட்டார்கள். "நீங்க கயிறு எடுத்துக்கிட்டீங்களா?" என்று முடித்தார். சாப்பாடு இறங்கவில்லை அண்ணே.

இனி குதித்த கதை. முதலில் காகிதம். செத்தால் யாரும் பொறுப்பில்லை என்பதைப் பல பக்கங்களுக்கு நீட்டி எழுதியிருந்தார்கள். கையெழுத்து போட்டேன். இடுப்பில், தொடையில், தோளில் வார் போட்டு இறுக்கினார்கள். பயிற்சியாளரின் முதுகுப்பையில் இரண்டு பாராசூட் இருக்கிறதாம். இரண்டாவது எதற்கு என்று நான் கேட்கவில்லை. மனிதர் மயங்கிவிட்டாலும் குறிப்பிட்ட உயரத்தில் தானாக அதைத் திறந்துவிடும் ஒரு கருவியும் உண்டு என்று அவரே சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார், எனக்கு "மயங்கிவிட்டாலும்" மட்டும் காதில் நின்றது.

விமானத்தில் இருக்கை கிடையாது. தரையில் ஒருவர் காலுக்கிடையில் ஒருவர் உட்கார வேண்டும். 13,000 அடி. ஆயிரம் அடிக்குச் சுமார் 2 டிகிரி குறையும் என்பதால், கீழே வியர்த்துக்கொண்டிருந்த நான் மேலே நடுங்கினேன். குளிரால்தான் என்று மச்சானிடம் சொல்லிவைத்தேன். பயிற்சியாளர் நான்கு கொக்கிகளில் என்னைத் தன்னோடு மாட்டினார். கதவு திறந்தது. விளிம்பில் அவர் உட்கார, நான் வெளியே தொங்கினேன். அந்த நிலையில் குதிப்பதா வேண்டாமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

இப்போது ஓர் அதிசயம். ராட்டினத்தில் இறங்கும்போது அடிவயிற்றைக் கவ்வுமே, அது இங்கே அநேகமாக இல்லை. விமானம் ஓடும் வேகம் ஏற்கெனவே நம் உடம்பில் இருக்கிறது. அதனால் விழுகிறோம் என்றே தோன்றாது, காற்றின் மேல் படுத்திருப்பதாகத்தான் படும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம். இரண்டு பேர் எடை சேர்ந்தால் இன்னும் வேகம் எடுக்கும் என்பதால் முதலில் ஒரு குட்டிப் பாராசூட்டை விட்டுப் பிடித்து வைப்பார்கள். நான் கத்தினேன், என் கத்தல் எனக்கே கேட்கவில்லை. வீடியோவில் வாயசைவைப் பார்த்துவிட்டு நான் முருகனைக் கூப்பிட்டேன் என்கிறார் மாமியார். மச்சான் அது வேறு சொல் என்கிறான். ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆனால் அண்ணே, அந்த நேரத்தில் வீட்டுக் கடன், விசா, மேனேஜர் முகம் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. பெரிய சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன்.

5,000 அடி வாக்கில் பெரிய பாராசூட் விரிந்து ஒரு வெட்டு வெட்டியது. இரைச்சல் நின்றது. தூரத்தில் கடல். கடிவாளம் போன்ற கயிறுகளைப் பயிற்சியாளர் என் கையிலும் கொடுத்தார். இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம் திரும்புகிறது. தொடை வார் அறுத்ததைத் தவிர குறையில்லை. காலைத் தூக்கு என்றார், தூக்கினேன், புல்லில் உட்கார்ந்தபடி வந்து சேர்ந்தோம்.

திரும்பியதும் சுங்கை சிப்புட்டிலிருந்து சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். அவர்களில் ஒரு பாட்டி, விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடும் வரிசைக்கு, நின்று ரப்பர் மரம் சீவியவர். வீடியோவை முழுக்கப் பார்த்தார். "எவ்ளோ சம்பளம் குடுத்தாங்க?" என்றார். நான்தான் ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்தேன் என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காசு குடுத்தா விழுந்த? நான் பால் வாளியோட சரிவுல விழுந்தப்ப கணக்கு எழுதுற கிராணி அரைப் பேரு போட்டு அரைநாள் சம்பளம்தான் குடுத்தாரு." வீடே சிரித்தது. பாட்டி சிரிக்கவில்லை.

மாமனார் மட்டும் தனியாகக் கூப்பிட்டு, எத்தனை வயதுவரை விடுவார்கள் என்று விசாரித்தார்.

தைப்பூசத்துக்கு நீங்கள் வரும்போது நீங்கள், நான், மாமனார் மூவரும் குதிக்கப் போகலாம் என்று பேச்சு. 100 கிலோவுக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ஏற்ற மாட்டார்கள். ஆகவே இப்போதிலிருந்தே இரவுச் சோற்றை நிறுத்துங்கள். அம்மாவிடம் காரணம் சொல்ல வேண்டாம், சர்க்கரை என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
தம்பி