குற்றவாளி தரைதான்

சென்னையில் நாய் வளர்க்க மாநகராட்சியிடம் உரிமம் வாங்க வேண்டும். தள்ளுவண்டியில் பானிபூரி விற்பவரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்துகொள்ள வேண்டும். பேசத் தெரியாத இருபது பிள்ளைகளைக் காலை எட்டரை முதல் இரவு ஏழு வரை ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில் வைத்துக்கொள்ளத்தான், நடைமுறையில், ஒரு பிளெக்ஸ் பேனரும் சுவரில் ஒரு மிக்கி மவுஸும் போதும். பிளே ஸ்கூல்களுக்கென்று 2015இல் தமிழக அரசு விதித்தொகுப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. அதைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். “அது பிளே ஸ்கூலுக்கு சார், நாங்க டே கேர்” என்பார்கள். வாசல் பேனரில் இரண்டும் எழுதியிருக்கும். பணம் கட்டும்போது நீங்கள் இரண்டுக்கும் கட்டுகிறீர்கள், விதி என்று வாயைத் திறந்தால் ஒன்று காணாமல் போய்விடும்.

இப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒரு நாள் மாலை உங்கள் பதினோரு மாதப் பையன் காதுக்குப் பின்னால் நீலம் பாரித்து வருகிறான். அதன்பின் நடக்கும் உரையாடல் துரைப்பாக்கத்திலும் வேளச்சேரியிலும் நாவலூரிலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும்.

“இது என்ன?”

“எது மேடம்?”

“காதுக்குப் பின்னாடி. நீலமா இருக்கே.”

“அதுவா… விளையாடும்போது கீழ விழுந்துட்டான் மேடம். ஐஸ் வெச்சோம்.”

“எப்போ?”

“மதியம்… தூங்கி எழுந்தப்ப.”

“யார் பாத்தீங்க?”

“எல்லாரும்தான் மேடம் இருந்தோம்.”

எல்லாரும் இருந்திருக்கிறார்கள், யாரும் பார்க்கவில்லை. ஐஸ் வைக்கத் தெரிந்திருக்கிறது, ஒரு போன் செய்யத் தோன்றவில்லை. ஆகவே குற்றவாளி யார் என்பது அங்கேயே தீர்ந்துவிடுகிறது. தரை. வாயில்லாதது, வக்கீல் வைத்துக்கொள்ளாது, இத்தனை காலமாக எல்லாப் பழியையும் தாங்கிப் பழகியது.

சிக்கல் என்னவென்றால், விழுகிற பிள்ளைக்கு எங்கே அடிபடும் என்று மருத்துவர்கள் நன்றாகவே கவனித்து வைத்திருக்கிறார்கள். நெற்றி, முகவாய், முழங்கால், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு என்று எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில்தான் படும். காது தலைக்கும் தோளுக்கும் நடுவே ஒளிந்திருப்பது, சாதாரணமாக விழுந்தால் தரை அவ்வளவு எளிதாக அங்கே எட்டாது. 2010இல் மேரி கிளைட் பியர்ஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரும் அவர் குழுவும் வெளியிட்ட ஆய்வு, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு உடற்பகுதியிலோ காதிலோ கழுத்திலோ கன்றிப்போயிருந்தால், தெளிவான விபத்துக் காரணம் இல்லாதபோது, அடித்திருக்கக்கூடும் என்ற கோணத்தில் விசாரியுங்கள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னது. இன்னும் தளர்நடைகூடப் போடாத பிள்ளைக்குக் கன்றல் என்பதே அபூர்வம். இது மட்டுமே யாரையும் குற்றவாளியாக்காது. ஒரு கேள்வி கேட்பதற்கான நியாயத்தைத் தருகிறது, அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

கேள்வி மேலே போகப் போக விளக்கம் மாறும். ஆயாம்மாவிடம் “விழுந்தவன்”, டீச்சரிடம் போனதும் “தள்ளிவிடப்பட்டவன்” ஆகிறான். தள்ளியது யார்? “இன்னொரு குழந்தை மேடம், பேர் சொல்லக் கூடாது, பிரைவசி.” சென்டர் ஹெட் அறையில் விஷயம் தத்துவ மட்டத்துக்கு உயர்கிறது: “உங்க பையன் கொஞ்சம் ஓவர் ஆக்டிவ். வீட்ல ரொம்பச் செல்லமோ?” அடுத்து தலையைச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, பிரம்மாஸ்திரம்: “காலைல கொண்டாந்து விடும்போதே இருந்ததோன்னு ஒரு டவுட்டு. வீட்ல யார் யார் இருக்கீங்க?” பத்து நிமிடத்தில் காயம் அப்படியே இருக்கிறது, கூண்டில் நிற்பவர் மட்டும் மாறிவிட்டார். இவ்வளவு வேகமான விசாரணையை உயர் நீதிமன்றத்தில்கூடப் பார்க்க முடியாது.

கடைசியாக, “நாங்க பன்னெண்டு வருஷமா நடத்துறோம், இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயின்ட் வந்ததில்ல.” வராமல் என்ன செய்யும்? வாடிக்கையாளர்களுக்கு இன்னும் பேச்சு வரவில்லையே.

கேமரா கதைக்கு வருவோம். சேர்க்கும் அன்று வரவேற்பறை டிவியில் ஒன்பது கட்டங்களில் ஒன்பது அறைகள் ஓடும். “டுவென்டி ஃபோர் செவன் சி.சி.டி.வி. மேடம், நீங்க நிம்மதியா ஆபீஸ் போலாம்.” காயம் பட்ட மதியம் மட்டும் அந்த மூலை கேமராவுக்கு எட்டாத மூலை. அல்லது அன்று கரண்ட் போயிருந்தது. அல்லது ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. எல்லாம் சரியாக இருந்தாலும் காட்ட முடியாது, மற்றக் குழந்தைகளின் அந்தரங்கம் கெட்டுவிடுமாம். அதே மற்றக் குழந்தைகள் கிருஷ்ண ஜெயந்திக்கு மயிலிறகு வைத்தும், டயப்பரோடு ‘யெல்லோ டே’ கொண்டாடியும் அந்த நிறுவனத்தின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் உலகம் முழுக்கக் காணக் கிடைக்கிறார்கள். விளம்பரத்துக்கு முகம் தேவைப்படும்போது இல்லாத அந்தரங்கம், சாட்சிக்குத் தேவைப்படும்போது எங்கிருந்தோ எழுந்து வருகிறது.

கேமரா வேலை செய்த இடங்களில் என்ன தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2016 நவம்பரில் நவி மும்பை கார்கரில் ஒரு காப்பகத்தின் பதிவில், பத்து மாதப் பெண்குழந்தையை ஆயா அறைவதும் உதைப்பதும் தூக்கி எறிவதும் நாடே பார்க்கத் தெரிந்தது. 2025 ஆகஸ்டில் நொய்டாவில் பதினைந்து மாதக் குழந்தையின் தொடையில் வட்டத் தழும்புகள். பற்குறி என்றார் மருத்துவர். கேமராவைப் பார்த்தால், பணிப்பெண் குழந்தையை அடிக்கிறார், கீழே போடுகிறார், கடிக்கிறார். இரண்டிலும் தரை நிரபராதி. இரண்டிலும் விஷயம் வெளியே வந்ததற்குக் காரணம், உடம்பில் இருந்த குறியைச் ‘சின்னதுதானே’ என்று பெற்றோர் விட்டுவிடாததுதான்.

ஆகவே, நல்ல பெற்றோர் என்று நிர்வாகத்திடம் பெயர் எடுக்க விரும்புகிறவர்கள் சில அநாகரிகச் செயல்களை அறவே தவிர்க்க வேண்டும். காயத்தை நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுக்கக் கூடாது. அளவும் தேதியும் பதிவாகிவிடும். அன்றிரவே மருத்துவரிடம் போகக் கூடாது, போனாலும் எங்கே பட்டது, என்ன சொன்னார்கள் என்பதைச் சீட்டில் எழுதித் தரும்படி கேட்கவே கூடாது. அரசு மருத்துவமனைக்குப் போய் விபத்துப் பதிவேட்டில் ஏற்றி ஏ.ஆர். காப்பி போடச் சொல்வது சுத்த மரியாதைக் குறைவு. பிள்ளை ஒரு கையை மட்டும் தொங்கப்போட்டுத் தொட்டாலே அழுதால், கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்ததில் முழங்கை மூட்டு நழுவியிருக்குமோ என்றெல்லாம் யோசிக்காமல் தைலம் தடவிவிடுங்கள். மருத்துவரிடம் போனால் ஒரு நிமிடத்தில் சரிசெய்துவிட்டு, ‘யார் இழுத்தது?’ என்று கேட்டுத் தொலைப்பார். நேரில் பேசியதை மின்னஞ்சலாக எழுதி, இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிவரை அறையில் யார் இருந்தார்கள் என்று கேட்பதும், அன்றைய பதிவை அழிக்காமல் வையுங்கள் என்று எழுத்தில் கோருவதும் நட்பைக் கெடுக்கும். சில வாரங்கள் பொறுத்தால் பழைய பதிவின்மேல் புதியது தானே ஏறிவிடும், யாருக்கும் மனவருத்தம் இல்லை. கொஞ்சம் பேசுகிற பிள்ளையாக இருந்தால், ‘அந்த ஆயா அடிச்சாங்களா?’ என்று நூறு தடவை கேட்டு நூறு தடவையும் தலையாட்ட வையுங்கள். ‘என்ன ஆச்சு கண்ணா?’ என்று ஒரே ஒரு முறை கேட்டுவிட்டு அது சொல்வதை அதன் வார்த்தையிலேயே குறித்துவைத்தால் சாட்சியம் கெடாமல் இருந்துவிடும், கவனம். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ மறந்தும் போனில் ஏற்றாதீர்கள்.

இதையெல்லாம் தவிர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே அடுத்த நீதிமன்றம் கூடியிருக்கும். மாமியார் மஞ்சளைக் குழைத்துக்கொண்டே, “நாங்கள்லாம் எத்தன பிள்ள வளத்தோம், ஒரு கீறல் விழுந்திருக்குமா?” என்பார். பெரிய நாத்தனார் ஊரிலிருந்து வீடியோ காலில் வந்து, “அதுக்குத்தான் அப்பவே சொன்னேன், வேலைய விட்ருன்னு” என்பார். வேலையை விடுகிற யோசனை எந்த வீட்டிலும் அப்பன்காரனை நோக்கி வந்ததாகச் செய்தி இல்லை. வீட்டுக்கடன் தவணை யார் சம்பளத்தில் போகிறது என்பதைப் பற்றியும் அந்த வீடியோ காலில் பேச்சு வராது.

அலுவலகம் மட்டும் என்ன சளைத்ததா? ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்துவர அனுமதிக்க வேண்டும் என்று 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் எழுதிவைத்தது. நான்கு முறை! நிறுவனத்தின் ‘டை-அப்’ காப்பகம் ஆறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நடுவில் மெட்ரோ பள்ளம். காலையில் ஸ்டாண்ட்-அப் மீட்டிங், மாலையில் அமெரிக்காக்காரன் விழிக்கும் நேரம். இத்தனையும் தாண்டி ஒருத்தி மதியம் போய் நின்றால், வாசலில் பலகை: ‘பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை. குழந்தைகள் தொந்தரவாகிறார்கள்.’ சட்டம் வா என்கிறது, பலகை போ என்கிறது. பலகைதான் ஜெயிக்கிறது, அதற்கு ஆணி அடிக்க ஆள் இருக்கிறது.

காவல் நிலையம் போகிறவர்களும் உண்டு. எழுத்தர் காயத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “பெருசா ஒண்ணும் இல்லையேம்மா, பேசித் தீத்துக்கலாமே” என்பார். வற்புறுத்தினால், புகார் வந்தது என்பதற்கு மட்டும் ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் நிறுவனத்தின் ஊழியரோ நிர்வாகியோ அதைத் துன்புறுத்தினால், வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டால்கூட, ஐந்தாண்டுவரை கடுங்காவலும் ஐந்து லட்சம்வரை அபராதமும் உண்டு என்று 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவில் சொல்கிறது. அந்தப் பிரிவை நீங்கள் எடுத்துச் சொன்னால், “வக்கீலா?” என்று கேட்பார்கள். இல்லை சார், அம்மா.

நிறுவனத்துக்கு வேறு வழியே இல்லை என்றாகும் கட்டத்தில் தரைக்கு விடுதலை கிடைக்கும். ஆயாம்மாவைப் பிடித்துக்கொடுப்பார்கள். ‘உடனடி நடவடிக்கை எடுத்துவிட்டோம், அவர் பணியில் இல்லை’ என்று மின்னஞ்சல் வரும். அவர் அடித்திருந்தால் தண்டனை வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் மூன்று வயதைத் தாண்டிய, சொன்னால் கேட்கிற பிள்ளைகளுக்கே இருபது பேருக்கு ஓர் ஆசிரியரும் ஓர் உதவியாளரும் வேண்டும் என்கிறது தேசியக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம். தவழ்கிற, வாந்தி எடுக்கிற, ஒரே நேரத்தில் அழுகிற பதினைந்து பேரிடம் ஒரு பயிற்சியும் கொடுக்காமல் ஒற்றை ஆளைப் பத்து மணி நேரம் நிறுத்தி, உங்களிடம் வாங்கும் கட்டணத்தில் இரண்டு பிள்ளைகளின் பணத்தைக்கூட அவருக்குச் சம்பளமாகத் தராமல், மிச்சத்தில் அடுத்த கிளை திறந்தவர் யார்? அவர் பெயர் எந்த மின்னஞ்சலிலும் வராது. திறப்பு விழா அழைப்பிதழில் வரும்.

அரசு அசையாதா என்றால், அசையும், விலை அதிகம். 2004 ஜூலையில் கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் எரிந்தபின் கூரைகள் பிரிக்கப்பட்டன. 2012இல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தபின் பேருந்துகளைக் குனிந்து பார்த்தார்கள். 2025 ஜனவரியில் விக்கிரவாண்டியில் எல்.கே.ஜி. குழந்தை கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்தபின் மூடிகளை எண்ணினார்கள். காதுக்குப் பின்னால் ஒரு நீலத்துக்கு இங்கே எந்த அதிகாரியும் வண்டி ஏறமாட்டார். சின்னக் காயத்தை விசாரிக்கும் வழக்கம் இருந்தால் பெரிய மாலைகள் வாங்கும் செலவு மிச்சம் என்பதை யாராவது நிதித்துறைக்குச் சொல்லலாம். அந்த மொழி அவர்களுக்குப் புரியக்கூடும்.

எல்லாக் காப்பகமும் இப்படியா? இல்லை. மதியம் இரண்டரைக்கே போன் செய்து, “மேடம், நாற்காலில ஏறினான், நான் திரும்பறதுக்குள்ள விழுந்துட்டான், தப்பு எங்களோடதுதான், உடனே வாங்க” என்று சொல்கிற இடங்கள் இருக்கின்றன. அங்கே பிள்ளைக்கு அடிபட்டாலும் மறுநாள் நம்பி விடலாம். பிள்ளை விழும் என்பது எந்தத் தாய்க்கும் தெரியாததல்ல. பொய் சொல்கிற இடத்தில் இன்று சொன்னது எத்தனையாவது பொய் என்பதுதான் அவளுக்குத் தெரியாது.

விஷயம் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்கும் போகும். படத்தைப் போட்டதும் நாற்பது பேர் பார்த்ததாக நீலக் குறி விழும். இருவர் கைகூப்பும் பொம்மை போடுவார்கள். ஒருவர், “எங்க பாப்பாவ நல்லாத்தான் பாத்துக்கறாங்க” என்பார். இன்னொருவர் தனியாக அழைத்து, “எங்க பையனுக்கும் போன மாசம் இதே மாதிரி இருந்துச்சுங்க, குரூப்ல சொல்லிடாதீங்க, வேற எங்க கொண்டுபோய் விடறது?” என்பார். அரை மணியில் அட்மின் உங்களை நீக்கியிருப்பார். குழுவின் பெயர் ‘ஹேப்பி ஃபேமிலி’.

பையனை நிறுத்திவிட்டு டெபாசிட்டைத் திரும்பக் கேட்டால், சேரும்போது நீங்கள் கையெழுத்திட்ட தாளை எடுத்து நீட்டுவார்கள். அதில் விதி இருக்கிறது. ஒரு மாதம் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்காமல் நிறுத்தினால் பணம் திரும்பக் கிடைக்காது. எதையும் உரிய நேரத்தில், எழுத்தில் தெரிவிப்பது முக்கியமில்லையா மேடம், என்று கேட்பார் சென்டர் ஹெட்.