மாப்பிள்ளை போட்ட வருசக் கணக்கு

வாங்க மாப்ளே, உக்காருங்க. நீங்க செல்போன்ல கட்டம் கட்டிப் போட்ட வருசக் கணக்கை நம்ம பொண்ணு காட்டுச்சு. அடேயப்பா! வரவுக்குப் பச்சை, செலவுக்குச் சிவப்பு, அடியில மஞ்சள்ல ‘மிச்சம் ரூ. 2,10,000’. கோயில் திருவிழா நோட்டீஸுகூட இவ்வளவு கலரா நான் பார்த்ததில்ல. என் தம்பி, அதான் உங்க மாமனாரு, ஆயுசுல கணக்கே எழுதுனது கிடையாது. அதனால அவருக்கு மிச்சமும் இல்ல, ரத்தக் கொதிப்பும் இல்ல. நீங்க படிச்சவுக. ஒண்ணு ரெண்டு சந்தேகம் கேட்டுக்கிறேன், கோவிச்சுக்கக் கூடாது.

வரவுப் பக்கம் சம்பளம் இருக்கு, போனசு இருக்கு, தோப்புத் தேங்காய்ப் பணம் இருக்கு. சரி. அதுக்குக் கீழ ‘மொய் விருந்து ரூ. 7,00,000’ன்னு பச்சையில போட்டிருக்கீங்களே, இதை வரவுன்னு எந்த மகராசன் சொல்லிக் குடுத்தான்? கீரமங்கலம், பேராவூரணிப் பக்கம் ஆடி மாசம் எந்தப் பந்தலுக்கு வேணும்னாலும் போய்க் கேளுங்க. கறிச் சோறு தின்னுட்டுக் கை கழுவுன ஈரம் காயறதுக்குள்ள மொய் எழுதுற மேசைக்குத்தான் வருவாக. முன்னாடி நோட்டு, இப்பக் கம்ப்யூட்டரு. பேரு, ஊரு, தொகை போட்டு ரசீதே அடிச்சுக் குடுக்குறான். அந்த ரசீது அத்தனையும் கடன் சீட்டு மாப்ளே. வட்டி கிடையாது, வாய்தா கிடையாது, கோர்ட்டு கிடையாது. ஞாபகம் மட்டும் உண்டு.

உங்க மொய் நோட்டைப் பிரிச்சு உக்காந்து பார்த்தேன். ஏழு லட்சத்துல 2,60,000 பழைய மொய். உங்க அப்பா சைக்கிள்ல ஊர் ஊராப் போய்ப் போட்டது, திரும்பி வந்திருக்கு. அது உங்க சம்பாத்தியம் இல்ல. பாக்கி 4,40,000 புது மொய். அவுகவுக விருந்து வைக்கிறப்பத் திருப்பிச் செய்யணும், அதுவும் வாங்குனதுக்கு மேல கொஞ்சம் சேர்த்து. வாங்குனதை மட்டும் செஞ்சீங்கன்னா, ‘இதோட நம்ம வரவு செலவு முடிஞ்சுது’ன்னு சொன்ன மாதிரி. அப்புறம் அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு நீங்க போனாத் தண்ணி குடுப்பாக, முகம் குடுக்க மாட்டாக.

இப்ப அந்த மஞ்சள் கட்டத்துல இருந்து ஏழு லட்சத்தைக் கழிங்க. செல்போனு எதுக்கு, விரல் போதும். 4,90,000 துண்டு விழுகுதா? பயப்படாதீங்க, பணம் எங்கேயும் காணாமப் போகல. வெள்ளைப் பெயின்ட் அடிச்சு வாசல்ல நிக்குது. வீட்டுக்கு வந்தவுகளை மாடி வரைக்கும் கூட்டிட்டுப் போய், மேல இருந்து பார்த்தாக் கார் எப்படித் தெரியுதுன்னு கேட்டீங்களாமே. நல்லாத்தான் தெரியுது. எனக்குக் கூரைமேல நாலு ஊர்க்காரன் உக்காந்திருக்குறதும் தெரியுது, வயசாயிட்டாக் கண்ணு அப்படித்தான்.

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்ப நீங்க சென்னையில இருந்தீங்க. ஒரே ராத்திரியில தோப்பு படுத்துருச்சு. தென்னை விழுந்துச்சே தவிர, மொய்ப் பாக்கி விழல. அடுத்த ஆடிக்குப் பத்திரிகை வந்துச்சு. எனக்குத் தெரிஞ்சே ரெண்டு மூணு பேரு வீட்டுக்காரி கழுத்துல கிடந்ததைக் கழட்டி வச்சுத்தான் செஞ்சாக.

கழுத்துன்னதும் ஞாபகம் வருது. ‘சேமிப்பு – தங்கம்’னு ஒரு கட்டம். அஞ்சு பவுன் வாங்குன பில்லுத் தொகையை அப்படியே தூக்கிப் போட்டிருக்கீங்க. அஞ்சு பவுன்னா 40 கிராம். சேதாரம் 12 சதவீதம்னு பில்லு சொல்லுது, அது மட்டும் 4.8 கிராம். அதுக்கு மேல ஜிஎஸ்டி 3 சதவீதம். கடைப் படி இறங்குறதுக்குள்ள அரைப் பவுனுக்கு மேல விட்டுட்டு வந்தாச்சு, அதையும் சேமிப்புலயே எழுதியாச்சு. ‘விலை ஏறிப்போச்சே பெரிய மாமா’ன்னு சொல்வீங்க. ஏறட்டும், சந்தோசம். அந்தச் செயினு இப்ப எங்க? நம்ம பொண்ணு கழுத்துல மின்னுறது கவரிங்குன்னு கண்டுபிடிக்க எனக்குக் கண்ணாடிகூட வேணாம். பேங்குல வச்சது பன்னிரண்டு மாசம் ஆயிப்போயி, வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வச்சிருக்கீங்க. சேமிப்புலயும் அதே அஞ்சு பவுன், அடகுலயும் அதே அஞ்சு பவுன்!

அந்த வட்டியை எங்க எழுதியிருக்கீங்கன்னு தேடித் தேடிப் பார்த்தேன். கொத்தமல்லிக் கட்டு பத்து ரூபா, தீப்பெட்டி ரெண்டு ரூபா எல்லாம் தேதியோட இருக்கு. வட்டி மட்டும் ‘இதர செலவு’க்குள்ள பதுங்கிக் கிடக்கு. மொத்தம் 1,38,000. உங்க வீட்ல நாலு பேருதான்னு நினைச்சிருந்தேன்; நாலு பேரையும்விடக் கூடச் செலவு பண்றது இந்த ‘இதர’தான். ரேஷன் கார்டுல பேரைச் சேர்த்துருங்க, அரிசியாவது வரும்.

கிரெடிட் கார்டு பாக்கியும் அங்கதான் குடியிருக்கு. குறைஞ்சபட்சத் தொகை கட்டினாப் போதும்னு எழுதியிருந்தான், கட்டினேன்னீங்க. மீதிக்கு மாசம் நூத்துக்கு மூணரை ரூபா போடுறானே, அது வருசத்துக்கு நாப்பதைத் தாண்டும். இதே வட்டியை நம்ம ஊர்ல ஒருத்தன் வாங்கினாத் திண்ணையில உக்கார விட மாட்டோம். உங்க ஊர்ல அவனே போன் போட்டு ‘சார்’ங்குறான், ஏர்போர்ட்ல கூப்பிட்டு வச்சுச் சோறும் போடுறான். மரியாதை தெரிஞ்ச ஆளு.

அப்புறம் நீங்க கணக்கை முடிச்ச இந்த மார்ச் 31. வருமான வரிக்காரனுக்கு அது வருசக் கடைசி, சரி. நமக்கு? ஜூன்ல பள்ளிக்கூடத்துப் பீசு, ஆடியில மொய், ஐப்பசியில தீபாவளி. எல்லாம் முடிஞ்சு, போனசும் வந்து, கையில காசு நிக்கிற ஒரே வாரமாப் பார்த்து எண்ணியிருக்கீங்க. கெட்டிக்காரத்தனம்தான். என்னைக் கேட்டா ஆவணி கழிஞ்ச மறுநாள் எண்ணுங்க. வீட்ல என்ன நிக்குதுன்னு அன்னைக்குத்தான் தெரியும்.

நம்ம பொண்ணு கைக்காசு கணக்குலயே வரலைன்னு வேற குறைப்பட்டீங்களாம். அதைக் கேக்காதீங்க. 2016 நவம்பர் 8 ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னாக. விடிஞ்சதும் நம்ம தெருவுல அரிசிப் பானையில இருந்தும், மடிச்ச சேலைக்குள்ள இருந்தும் நோட்டு நோட்டா வெளிய வந்துச்சு. உங்க மாமியார்கிட்ட மட்டும் 38,000. முப்பது வருசம் குடித்தனம் பண்ணுன என் தம்பிக்கு, தான் பணக்காரன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அந்தப் பணம் கணக்குல ஏறியிருந்தா அதுவும் காராகி நின்னிருக்கும்.

கடைசியா இந்தப் பாஸ்புக்கு. மே மாசத்துல 436 ரூபா ஒண்ணு, 20 ரூபா ஒண்ணு பிடிச்சிருக்கான். ரெண்டுக்கும் நேரா நீங்க கேள்விக்குறி போட்டு வச்சிருக்கீங்க. பேங்குல போய்ச் சண்டை போடப் போறதாவும் கேள்வி. போடாதீங்க. முதல்ல இருக்குறது ஆயுள் காப்பீடு, ரெண்டாவது விபத்துக் காப்பீடு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு லட்சம். எப்பவோ நீங்களே கையெழுத்துப் போட்டதுதான். உங்க கணக்குல உருப்படியான செலவு இந்த 456 ரூபாதான், அதைப் போய்ச் சந்தேகப்படுறீங்க!

அதுல நாமினி யாருன்னு மட்டும் பார்த்துக்குங்க. கல்யாணத்துக்கு முந்திப் போட்டதுன்னா உங்க ஆத்தா பேருதான் இருக்கும். ஆத்தா பேரு இருக்குறதுல ஒரு தப்பும் இல்ல, நான் சொல்லவே இல்ல. ஆனா இந்தப் பாஸ்புக்கை என் கையில குடுத்துட்டு அடுப்படிக்குப் போன புள்ள, அப்ப இருந்து பாத்திரத்தை வைக்கிற சத்தம் சரியில்ல. இன்னைக்கு மொத சனிக்கிழமை, பேங்கு உண்டு. கிளம்புங்க. நடந்தே போங்க மாப்ளே. உங்க கணக்குல பெட்ரோலுக்குன்னு ஒரு கட்டமே இல்ல.