சுமிமாசென் பெரியப்பா

காவிரிப் படுகையில் ஊருக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். பாபநாசமோ நீடாமங்கலமோ ஒரத்தநாடோ, எங்கும் தேடி அலைய வேண்டாம். டீக்கடை பெஞ்சுக்கே இடுப்பு வளைய ஒரு கும்பிடு போட்டுவிட்டு யார் உட்காருகிறாரோ அவர்தான். மகனுக்கு டோக்கியோவில் கம்ப்யூட்டர் வேலை. நம்மவர்கள் மண்டிக் கிடக்கும் நிஷி கசாய் பக்கம் குடித்தனம். பேரனைப் பார்க்கப் போய், மூன்று மாதம் இருந்துவிட்டு, சம்பா நடவுக்குத் திரும்பியவர் பெரியப்பா. கொண்டுவந்தது ஒரு பை மிட்டாய், ஒரு மடக்குக் குடை, இருபது வாக்கியம். மிட்டாய் அன்றைக்கே தீர்ந்தது. குடையை மச்சான் கேட்டு வாங்கிக்கொண்டார். வாக்கியங்கள்தான் தீருவேனா என்கின்றன.

விடிந்தால் “ஒஹாயோ கொஸாய்மஸ்”. வெயில் ஏறினால் “கொன்னிச்சிவா”. விளக்கு வைத்தால் “கொம்பன்வா”. பால்காரர் கடிகாரம் பார்ப்பதையே விட்டுவிட்டார். இலை முன்னால் உட்கார்ந்து, கை கூப்பி, கண் மூடி “இத்ததகிமஸ்” என்பார். “ரசம் ஆறுது, சாப்பிடுங்க” என்பாள் பெரியம்மா. வெளியே கிளம்பும்போது “இத்தெகிமஸ்”. ‘போயிட்டு வரேன்’ என்பதை அங்கேயும் அப்படியேதான் சொல்கிறார்களாம். “அதைச் சொல்லக் கத்துக்கவா அவ்வளவு காசு குடுத்து பிளேன் ஏறினீங்க?” என்ற பெரியம்மாவின் கேள்விக்கு இருபதில் எதுவும் பதிலாக அமையவில்லை.

“சுமிமாசென்” அவருடைய செல்லப் பிள்ளை. ஜப்பானில் அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கலாம், வழி கேட்கலாம், சர்வரைக் கூப்பிடலாம், நன்றிகூடச் சொல்லிவிடலாம். தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் அதை வைத்துக்கொண்டு ஒரு ஜன்னல் ஓர சீட்டுகூடப் பிடிக்க முடியாது. திருவையாறு பஸ் படிக்கட்டுக்குக் கீழே நின்று ஒவ்வொருவருக்கும் தலை குனிந்து சுமிமாசென் சொன்னார், ஒவ்வொருவரும் ஏறினார்கள். பஸ் போய்விட்டது. கீழவாசலில் மீன் வாங்கும்போது “இகுரா தெஸ் கா?” என்று விலை கேட்பதோடு சரி, மேலே வாக்கியம் இல்லை. ஜப்பான் கடைகளில் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போகிற வழக்கம். கீழவாசலில் விலை கேட்ட பிறகுதானே பேச்சே ஆரம்பம்.

வம்பை விலைக்கு வாங்கிக் கொடுத்த வாக்கியமும் ஒன்று உண்டு. மேட்டூரை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 கடந்தும் ஒரு வருஷம் தண்ணீர் வரவில்லை. கடைமடைக்காரர்கள் அதிகாரியைச் சூழ்ந்துகொண்டு நின்றார்கள். பெரியப்பா பெருமூச்சு விட்டு, “ஷிகத்த கா நாய்” என்றார். ஒன்றும் செய்வதற்கில்லை என்று அர்த்தம். கூட்டத்தில் எல்லாருக்கும் கடைசிச் சொல் மட்டும் துல்லியமாகக் கேட்டது. அதிகாரி தன்னைத்தான் என்று நினைத்தார், பக்கத்து வயல்காரர், “என்னைப் பாத்துதானய்யா சொன்னே?” என்று துண்டை உதறினார். வரப்புத் தகராறு ஒன்று முன்பே பாக்கி இருந்தது.

ஆனால் “சோ தெஸ் நே” ஊருக்கே உபகாரம். ‘அப்படித்தான், இல்லையா’ என்று அசைபோடுகிற மாதிரி ஒரு வாக்கியம். பாகப்பிரிவினைப் பஞ்சாயத்தில் அண்ணன் பேசி முடித்தான்: “சோ தெஸ் நே.” தம்பி பேசி முடித்தான்: “சோ தெஸ் நே.” பெரியப்பா நம் பக்கம் என்று இருவரும் நம்பி வீட்டுக்குப் போனார்கள். சட்டமன்றத்துக்குப் போயிருக்க வேண்டிய மனிதர்!

எதிர்த்துப் பேசினால் ஓனோவை எடுப்பார். சுசுமு ஓனோ, தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்று 1980-களிலிருந்து வாதாடிய பேராசிரியர். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் ஒப்பவில்லை என்று சொல்லிப் பாருங்கள், பெரியப்பா விரல் விடுவார்: “கொரே, சொரே, அரே, தொரே. இது, உது, அது, எது. நாம உதுவைத் தொலைச்சிட்டோம், யாழ்ப்பாணத்துல பத்திரமா வச்சிருக்கான். இப்ப என்ன சொல்றே?” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வினைச்சொல் கடைசியில் வருவதும், கேள்விக்கு ‘கா’ என்று வாலில் ஒட்டுவதும் நமக்குச் சௌகரியம். சௌகரியமெல்லாம் சொந்தம் ஆகிவிடுமா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அதே ஊரில் வயல் இருக்கிறது.

இத்தனைக்கும் ஜப்பான் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1950-களில் மேட்டுப்பாத்தி நாற்றங்கால், வரிசை நடவு, உரம், களை என்று ‘ஜப்பான் முறை’ சாகுபடியை அரசாங்கமே ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வந்தது. அடுத்த பத்தாண்டில் குறுவையில் கொடிகட்டிப் பறந்த ஆடுதுறை 27, ஜப்பானின் நோரின் 10-க்கும் நம் ஜி.இ.பி. 24-க்கும் பிறந்த ஒட்டு ரகம். பெரியப்பாவின் அப்பா கயிறு பிடித்து வரிசையாக நட்டவர். ஒரு அரிகாதோவும் சொல்லாமல் மூட்டை மூட்டையாக அறுத்தார்.

பெரியப்பாவோ திண்ணையில் பிள்ளைகளைக் கூட்டி இருபதையும் நோட்டில் எழுத வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அந்த வகுப்பின் நடுவே டோக்கியோவிலிருந்து வீடியோ கால் வந்தது. பேரன் பள்ளிக்கூடத்துக் கதையை ஜப்பானியத்தில் மடமடவென்று கொட்டினான்.

“சோ தெஸ் நே” என்றார் பெரியப்பா.

அவன் இன்னும் வேகமாகக் கொட்டினான்.

“சோ தெஸ் நே.”

“தாத்தா, நான் கேள்வி கேட்டேன். புரியலைன்னா ‘வகரிமசென்’னு சொல்லணும்.”

நோட்டும் கையுமாக இருந்த பிள்ளைகளில் ஒருத்தி நிமிர்ந்தாள். “பெரியப்பா, இது நம்ம இருபதுல இல்லையே. எழுதிக்கவா?”

“வேணாம்மா” என்றார் பெரியப்பா. “அது நமக்குத் தேவைப்படாது.”